வாசலில் நிற்கும் வாகனமும் கையெழுத்திட்ட உடன்படிக்கையும்



அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வீடு வாங்கிக் குடியேறிய பிள்ளைகள் உங்களில் சிலருக்கு இருக்கக்கூடும். அவர்கள் அனுப்பும் புகைப்படங்களில், ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் வீட்டின் முன்னுள்ள தெரு நகராட்சிக்குச் சொந்தமானதன்று. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொதுச் சொத்தாகும். அங்கே இரவு விருந்துக்கு வந்தவர் நிறுத்திய கார் விடியும்போது காணாமல் போயிருக்கும். திருடன் கொண்டு போகவில்லை. சங்கம் அழைத்த இழுவை வண்டி கொண்டு போயிற்று.

இதெல்லாம் ஜுமுஆ மேடையில் பேசத்தக்க விஷயமா எனச் சிலர் கருதலாம். பாதைக்கும் உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. அவ்விரண்டும் ஒருசேர மோதுகிற இடம் இந்தப் பார்க்கிங் தகராறுதான்.

முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம். அங்கே வீடு வாங்குபவர், அந்நிலத்தோடு சேர்த்துப் பதிவு செய்யப்பட்ட விதிமுறைப் பத்திரத்திற்கும் கட்டுப்படுகிறார். அப்பத்திரத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘உடன்படிக்கை’ என்ற சொல் இருக்கிறது. இத்தகைய சங்கங்களுக்கான மாநிலச் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. கேரேஜில் கார் நிறுத்தப்பட வேண்டும், விருந்தினர் இடத்தில் குடியிருப்போர் நிறுத்தலாகாது என்றெல்லாம் பல பத்திரங்களில் எழுதியிருக்கும். நம்மவர்களோ கேரேஜில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டு, காரை விருந்தினர் இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்துகிறார்கள். உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடு தொடங்கும் அல்மாயிதா அத்தியாயத்தை ஓதுகிற நாம், இதையும் உடன்படிக்கை என்றே எண்ண வேண்டும்.

தீயணைப்புப் பாதையில் நிறுத்துவது இன்னும் கடுமையானது. அப்பாதை பொதுவாக 20 அடி அகலத்திற்குத் தடையின்றி இருக்க வேண்டுமென்பது தீத்தடுப்பு விதி. சிவப்பு வர்ணம் பூசிய ஓரத்தில் “ஐந்து நிமிடம்தானே” என்று நிறுத்துபவர், எரிகிற வீட்டிற்குள் இருப்பவரின் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்கிறார்.

இனி, இழுக்கச் சொல்லும் சங்கத்தாரின் பக்கம். இவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். வண்டியை இழுக்கச் சொல்பவருக்குப் பெரும்பாலும் ஒரு காசும் செலவில்லை. இழுக்கும் நிறுவனத்திற்கோ இழுத்தால்தான் வருமானம். முழுச் சுமையும் வண்டிக்காரர் தலையில். விடியற்காலை வேலைக்குப் போக வேண்டியவர், பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய தாய், இவர்களெல்லாம் வண்டியைத் தேடி அலைய வேண்டும். இழுவைக் கட்டணத்தோடு நாள்தோறும் காப்பகக் கட்டணமும் ஏறும். செலுத்த இயலாதவரின் வண்டியை ஏலத்தில் விற்கவும் சட்டத்தில் வழியிருக்கிறது. வாடகைக்குக் குடியிருக்கும் ஏழைக்கு, ஓரிரவுப் பிழைக்குப் பிழைப்பே போய்விடுகிறது.

இதனால்தான் அம்மாநில வாகனச் சட்டத்தின் 22658ஆம் பிரிவு சங்கத்தின் கையையும் கட்டுகிறது. நுழைவாயில்கள் அனைத்திலும் 17க்கு 22 அங்குலத்திற்குக் குறையாத எச்சரிக்கைப் பலகை, இழுவை நிறுவனத்தின் பெயர், தொலைபேசி எண்களுடன் இருக்க வேண்டும். பலகை இல்லையேல், பொதுவாக விதிமீறல் அறிவிப்புக் கொடுத்து 96 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சங்கத்தின் பிரதிநிதி நேரில் நின்று, மீறலைச் சரிபார்த்து, எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். தீயணைப்புப் பாதை, தீயணைப்புக் குழாய், நுழைவழி மறிப்பு போன்றவற்றிற்கு மட்டுமே முன்கூட்டிய பொது அனுமதி செல்லும். வண்டி கொக்கியில் மாட்டப்பட்ட பின்பும், வளாகத்தைவிட்டு வெளியேறுமுன் உரிமையாளர் ஓடிவந்து கேட்டால் விடுவித்தாக வேண்டும்; அப்போது வழக்கமான கட்டணத்தில் பாதிக்கு மேல் வாங்கலாகாது. இந்தக் கடைசிச் செய்தியை உங்கள் பிள்ளைகளுக்கு இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

இந்நிபந்தனைகளை மீறிப் பிறர் வாகனத்தை எடுத்துச் செல்வதை, ‘விதியை நடைமுறைப்படுத்தினேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது. அது அநீதம். பிடிக்காத அண்டை வீட்டாரின் வண்டியை மட்டும் கண்காணித்துப் புகார் செய்வதும் அப்படியே.

நோன்பு மாதத்தில் வீட்டில் இஃப்தார் வைப்பவர், எத்தனை கார்கள் வரும் என்று முன்னரே எண்ணிப் பார்க்கட்டும். விருந்தினர் அனுமதிச் சீட்டு வழங்கும் சங்கமானால் அதை வாங்கி வைக்கட்டும். இடம் போதாதெனில், நிறுத்த அனுமதியுள்ள பொதுத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லட்டும்.

சங்க நிர்வாகக் குழுவில் இருக்கும் சகோதரரே! தீயணைப்புப் பாதையை மறிக்காத வண்டியானால், இழுவை நிறுவனத்தை அழைக்குமுன், அது எந்த வீட்டிற்கு வந்த வண்டியென விசாரித்து அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எப்படியும் நேரில் போய் நிற்கத்தானே வேண்டும். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள்.