ஈரலில் எவ்வளவு மிஞ்சுகிறது?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பாடசாலையின் விலங்கியல் ஆய்வுகூடத்தில் தவளையின் வயிற்றைத் திறந்த அன்று முதலில் கண்ணில் பட்டது ஈரல்தான். "அதைக் கிழிச்சுப் போட்டியளெண்டால் எல்லாம் இரத்தமாப் போயிடும், பிறகு ஒண்டும் தெரியாது" என்று ரீச்சர் எச்சரித்தார். எச்சரித்தும் நாங்கள் கிழித்தோம். இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகும் அதே பயத்தோடுதான் வேலை செய்கிறோம். இப்போது 'நாங்கள்' என்பது ஓர் ஈரல் சத்திரசிகிச்சை அணி. அதில் கத்தி பிடிப்பவர்கள் வேறு. எங்கள் இடம் நோயாளியின் தலைமாடு, மயக்க மருந்துப் பக்கம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கதையை அவளது அனுமதியோடு சொல்கிறோம். பெயர் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. பெருங்குடலில் புற்றுநோய் வந்து, அதை அகற்றிய சில மாதங்களில் ஈரலின் வலப்பக்கத்தில் மூன்று கட்டிகள் தெரிந்தன. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "ஈரலில் கை வைச்சால் ஆள் தப்பாது" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1970களில் பெரிய ஈரல் சத்திரசிகிச்சை செய்த 100 பேரில் 10 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இன்று அனுபவமுள்ள நிலையங்களில் அது 5 பேருக்கும் குறைவு. ஊரில் உலாவுவது பழைய கணக்கு.

கணக்கு மாறியதற்கு ஒரு காரணம் ஈரலின் வரைபடம். வெளியே ஒரே கட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே எட்டுத் துண்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி இரத்தக்குழாய், தனிப் பித்தக்குழாய். பிரான்சின் கூய்னோ 1957இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். துண்டங்களின் எல்லையோடு வெட்டினால் பக்கத்துத் துண்டம் பிழைத்துக்கொள்ளும்.

மற்றக் காரணம் இரத்தப்போக்கு குறைந்தது. ஈரலுக்குள் நுழையும் குழாய்களை ஒரு நாடாவால் இறுக்கி 15 நிமிடம் நிறுத்துவார்கள், 5 நிமிடம் திறந்து விடுவார்கள், பிறகும் இறுக்குவார்கள். 1908இல் கிளாஸ்கோவின் பிரிங்கிள் எழுதிய உபாயம் இது. நேரத்தைக் கூவிச் சொல்வது நாங்கள். ஆனால் முன்வாசலை அடைத்தாலும் பின்வாசல் திறந்தே இருக்கிறது. ஈரலின் நாளங்கள் இதயத்துக்குப் போகும் பெருநாளத்தில் நேரே திறப்பதால், அது நிரம்பியிருந்தால் இரத்தம் பின்னோக்கி வரும். ஆகவே வெட்டி முடியும்வரை சேலைனைக் கஞ்சத்தனமாகத்தான் கொடுப்போம். அந்த இரண்டு மூன்று மணித்தியாலமும் இரத்த அழுத்தம் கீழே போகாமல் பிடித்து வைத்திருப்பது எங்கள் பாடு. சத்திரசிகிச்சை நிபுணருக்குத்தான் நன்றிக் கடிதம் வரும் என்பது வேறு கதை!

இனி முக்கியமான விடயம். எவ்வளவு வெட்டப் போகிறீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, எவ்வளவு மிஞ்சும், அது எப்படிப்பட்டது என்பதை. நல்ல ஈரலென்றால் கால்பங்கு மிஞ்சினாலும் சமாளிக்கும். இரசாயன மருந்து ஏற்றிய ஈரலுக்கு 30 வீதமாவது வேண்டும். சுருங்கி இறுகிய ஈரலுக்கு 40 வீதம். மிஞ்சிய பகுதி சில வாரங்களில் பெருத்து, சில மாதங்களில் பழைய அளவை அண்மிக்கும். பல்லி வால்போல வெட்டிய துண்டு முளைப்பதில்லை. இருப்பது பெருக்கிறது, அவ்வளவுதான்.

தோழிக்கு மருந்து ஏற்றியிருந்தது, ஈரலில் கொழுப்பும் இருந்தது. ஸ்கானில் அளந்தால் இடப்பக்கம் 22 வீதம். போதாது. வலப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை ஊசி வழியாக அடைத்துவிட்டு, இடப்பக்கம் வளரும்வரை காத்திருக்கச் சொன்னோம். "என்னடி, புற்றுநோயை வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு ஒரு மாசம் சும்மா இருக்கச் சொல்லுறியள்?" என்று அழுதாள். எங்களுக்கும் அந்த ஐந்து வாரமும் நித்திரை இல்லை. 34 வீதமானது. பிறகுதான் வெட்டினார்கள்.

வெட்டி முடித்ததும் தப்பிவிட்டாள் என்று சொல்லவில்லை. ஐந்தாம் நாள் இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்தோம். அன்று பிலிருபின் ஏறியும் இரத்தம் உறையும் தன்மை பாதிக்குக் கீழே இறங்கியும் இருந்தால் மிஞ்சிய ஈரல் தோற்கிறது என்று பொருள். அப்படியானவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை இழக்கிறோம். அவளுக்கு அப்படி இல்லை. பித்தம் கசிந்து இரண்டு கிழமை குழாயோடு கிடந்தாள், அவ்வளவே.

அவளுக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் மறைக்கவில்லை. இப்படிப் பரவியதை வெட்டக்கூடிய நிலையில் வெட்டியவர்களில் 40 முதல் 50 வீதமானோர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் மீண்டும் வருகிறது. அவளுக்கும் இரண்டாம் வருடம் வந்தது. ஈரல் பெருத்திருந்ததால் மறுபடியும் சிறிதளவு வெட்ட முடிந்தது.

எங்கள் வயதுக்காரிகளுக்கு ஒரு சொல். கொழுப்பு ஏறிய ஈரல் வெட்டும்போது அதிகம் இரத்தம் சிந்தும், வளரவும் சுணங்கும். ராகமையில் நடந்த ஆய்வில், நடுவயதினரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது இருந்தது. இந்நாட்டில் ஈரலிலேயே தொடங்கும் புற்றுநோயும் பெரும்பாலும் வைரசால் அல்ல, கொழுப்பும் நீரிழிவும் உள்ள ஈரலிலேயே வருகிறது. "ஃபற்றி லிவர்தானே, எல்லாருக்கும் இருக்கு" என்று ரிப்போட்டை மடித்து வைக்காதீர்கள். சோற்றைக் குறைத்து, நடந்து, உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கை இறக்கினாலே ஈரல் நன்கு தெளியும்.

தோழி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். இப்போது நாலாம் வருடம். நேற்றிரவு தொலைபேசியில், "எல்லாத்தையும் சொல்லு, வெல்லமாதிரிச் சொல்லாத" என்றாள். அடுத்த ஸ்கான் வைகாசியில்.