வேர்க்கோப்பும் சந்தாச் சீட்டும்



இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பாதிக்கு மேற்பட்டவை ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: அமெரிக்கா நினைத்தால் நம் இணையத்தை அணைத்துவிட முடியுமா? உலக நாடுகளும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாநாடு மாநாடாகக் கூடி இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. அவர்கள் காவல் காத்த வாசல் ஒன்று. அந்த இடைவெளியில் அதிகாரம் வெளியேறிப்போன வாசல் வேறொன்று என்பது என் எண்ணம். அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன். மறுப்பவர்கள் பிற்பகல் அமர்வில் மறுக்கலாம். நான் அங்கேதான் இருப்பேன்.

முதலில் அவர்கள் காவல் காத்த வாசல். இணையத்தில் ஒரு முகவரியைத் தட்டினால், '.காம்' யார் பொறுப்பு, '.இன்' யார் பொறுப்பு என்று சொல்வதற்கு ஒரு பட்டியல் வேண்டும். அதுவே வேர்க்கோப்பு; பொறியாளர்கள் 'ரூட் ஸோன்' என்பார்கள். 1,400-க்கும் மேற்பட்ட முடிவுப் பெயர்கள் அதில் உள்ளன. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே மூன்று உண்டு. இவ்வளவு சர்ச்சைக்கும் காரணமான அந்தக் கோப்பு கைபேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவைத் தாண்டாது. பதின்மூன்று பெயர்கள் கொண்ட வேர் வழங்கிகள் அதை உலகுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஏன் பதின்மூன்று என்பதில் சதி தேடுபவர்கள் உண்டு. அந்தக் காலத்துத் தரவுப் பொட்டலம் ஒன்றில் 512 பைட் கொள்ளும். அதற்குள் அடங்கியது அத்தனை முகவரிகள்தான். இன்று அந்தப் பதின்மூன்று பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் இயங்குகின்றன. அவற்றில் பல இந்தியாவிலேயே இருக்கின்றன.

இந்தக் கோப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நாள் 1998 ஜனவரி 28. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இணையத்தின் பெயர்களையும் எண்களையும் பராமரித்து வந்தவர் ஜான் போஸ்டல். நீண்ட தாடி, காலில் எப்போதும் செருப்பு. அன்று அவர் எட்டு வேர் வழங்கிகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் வழங்கியிலிருந்து கோப்பை எடுக்க வேண்டாம், எங்கள் வழங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பது செய்தி. அவர்களும் மாற்றிவிட்டார்கள். அரசாணை கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. ஒரு மனிதர் மேல் இருந்த மதிப்பினால் உலகத்தின் பெயரேட்டில் பாதிக்கு மேல் இடம் மாறியது. வெள்ளை மாளிகை ஆலோசகர் ஐரா மகசைனர் தலையிட்ட பிறகு, போஸ்டல் பழையபடியே மாற்றிக் கொடுத்து, அது ஒரு சோதனை என்று சொல்லிவிட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தப் பராமரிப்புப் பணியை ஏற்க ஐகான் என்ற லாப நோக்கற்ற அமைப்பு கலிஃபோர்னியாவில் பதிவானது. அக்டோபரில் போஸ்டல் காலமானார். மதிப்பு இருந்த இடத்துக்கு ஒப்பந்தம் வந்தது. ஒப்பந்தத்தின் மறுமுனையில் அமெரிக்க வணிகத் துறை அமர்ந்துகொண்டது.

உலக நாடுகளுக்கு உறுத்தியது இதுதான். 2003-இல் ஜெனீவா, 2005-இல் டூனிஸ் என்று ஐ.நா. உச்சி மாநாடுகள் நடந்தன. அமெரிக்கா விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இணைய ஆளுகை மன்றம் என்ற ஒன்று பிறந்தது. எல்லோரும் வந்து பேசலாம். எதையும் தீர்மானிக்க முடியாது. அதன் மூன்றாவது கூட்டம் 2008 டிசம்பரில் ஐதராபாத்தில் நடந்தது.

இந்தியாவின் போக்கைத் தனியே சொல்ல வேண்டும். 2011 அக்டோபரில் ஐ.நா. பொதுச் சபையில், 50 நாடுகள் கொண்ட ஒரு குழுவின் கீழ் இணையக் கொள்கை வரவேண்டும் என்று இந்தியா முன்மொழிந்தது. 2012 டிசம்பரில் துபாயில் தொலைத்தொடர்பு ஒப்பந்தத்தில் 89 நாடுகள் கையெழுத்திட்டபோது இந்தியா அங்கே கையெழுத்திடவில்லை. 2014-இல் இணைய ஆளுகை பற்றிய சாவோ பாவ்லோ மாநாட்டின் முடிவறிக்கையில் சேர மறுத்தது. 2015-இல் அரசு, நிறுவனம், பொதுமக்கள் எல்லோரும் சேர்ந்து நடத்தும் முறையே சரி என்று அறிவித்தது. இதைக் கேலி செய்வது எளிது. வெளியுறவுத் துறைக்கு ஒரு கணக்கு, மின்னணுத் துறைக்கு ஒரு கணக்கு, மென்பொருள் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு கணக்கு. எந்தக் கை அந்த ஆண்டில் ஓங்கியிருந்ததோ அந்தக் கணக்கு மேடையேறியது என்றே நான் வாசிக்கிறேன்.

2013-இல் அமெரிக்க உளவுத் துறையின் கண்காணிப்பைப் பற்றி எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு அமெரிக்காவுக்கும் இந்தப் பிடியை வைத்திருப்பது சங்கடமாகிவிட்டது. 2014 மார்ச்சில் விலகுவதாக அறிவித்தார்கள். நான்கு அமெரிக்க மாநிலங்கள் கடைசி நேரத்தில் வழக்குப் போட்டுப் பார்த்தன, எடுபடவில்லை. 2016 அக்டோபர் 1-ஆம் தேதி ஒப்பந்தம் காலாவதியானது. அன்று காலையும் எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது.

வேர்க்கோப்புக்கு உண்மையான பரீட்சை 2022-இல்தான். பிப்ரவரி இறுதியில், ரஷ்யப் படைகள் நுழைந்த சில நாட்களில், உக்ரைனின் துணைப் பிரதமர் மிகைலோ ஃபெடரோவ் ஐகானுக்குக் கடிதம் எழுதினார்: '.ரு' உள்ளிட்ட ரஷ்யப் பெயர்களை நீக்குங்கள். ஐகான் மறுத்தது. எந்த நாட்டுக்கும் தண்டனை தருவது எங்கள் வேலை இல்லை, ஒருதலைப்பட்சமாகப் பெயர்களை நீக்கும் அதிகாரமும் எங்களுக்கு இல்லை என்பது பதிலின் சாரம். உக்ரைனின் வேதனையில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனாலும் அந்த மறுப்பு சரியானது என்றே நினைக்கிறேன். ஒருமுறை நீக்கிவிட்டால், அடுத்த போரில் அடுத்த கடிதம் வரும். அன்று கேட்பவர் யாராகவும் இருக்கலாம்.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்த மற்றொன்றை நம் விவாதங்களில் அதிகம் காண்பதில்லை. கோஜென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் பதின்மூன்று வேர் வழங்கிகளில் 'சி' என்ற எழுத்துக்குரியதை நடத்துகிறது. அந்தப் பொறுப்பில் எந்த நாட்டிலிருந்து கேள்வி வந்தாலும் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. அதே நிறுவனம் இணைய இணைப்பையும் விற்கிறது. அந்த வியாபாரத்தில் தன் ரஷ்ய வாடிக்கையாளர்களின் இணைப்பைத் துண்டித்துவிட்டது. உலகமே அஞ்சிய வேர் அப்படியே நின்றது. வணிக ஒப்பந்தம் அறுந்தது. ஒரே நிறுவனத்தின் இரண்டு கைகள். அதிகாரம் வெளியேறிய வாசல் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

நமக்கு அருகிலேயும் ஒரு சான்று உண்டு. குஜராத்தின் வாடினாரில் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு கோடி டன் திறன் கொண்டது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு அந்த நிறுவனத்தில் 49.13 சதவீதப் பங்கு. 2025 ஜூலை 18-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்துக்கான சேவைகளை நிறுத்தியது. சந்தாவை முழுமையாகச் செலுத்தியிருந்தும் எங்கள் சொந்தத் தரவே எங்களுக்கு எட்டவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாத முடிவிலேயே சேவை திரும்ப வந்தது. ஆலை இந்திய மண்ணில் இருக்கிறது, வாங்குபவர் இந்தியர், இந்தியச் சட்டம் எதுவும் மீறப்படவில்லை. தடை விதித்தது பிரஸ்ஸல்ஸ். நிறைவேற்றியது அமெரிக்க நிறுவனம். இதில் வேர்க்கோப்புக்கு எந்தப் பங்கும் இல்லை. ஐகானின் கூட்டங்களில் இருபது ஆண்டு உட்கார்ந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம்? சென்னை ரிச்சி தெருவில் ஒரு காலத்தில் மென்பொருளைக் குறுந்தகடாக வாங்கினோம். அசலா நகலா என்பதை இந்த அவையில் நான் கேட்கப் போவதில்லை. எதுவானாலும் அது வீட்டு அலமாரியில் இருந்தது. விற்றவர் கோபித்துக்கொண்டால் அடுத்த பதிப்பு கிடைக்காது. கையில் இருப்பது ஓடும். 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 365 வந்தது. 2013-இல் அடோபி தன் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மட்டும் தருவதென்று முடிவு செய்தது. பயனருக்கு வசதி கூடியது, மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மென்பொருள் வாங்கிய பொருள் என்ற நிலை போய், மாதாமாதம் நீட்டிக்கப்படும் அனுமதி ஆயிற்று. அனுமதி தருபவர் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரோ அந்தச் சட்டம் நம் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மின்னஞ்சல் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் ஓடுகிறது என்பதை வரவுசெலவுத் திட்டத்தில் 'சந்தாச் செலவு' என்ற ஒரு வரி தீர்மானித்துவிடுகிறது. சட்டமன்றத்தில் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நிறுவனங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கைதட்டிக் கலைய முடியாது. நம் நாட்டில் இணையத்தை அணைத்தவர்களின் பட்டியலை எடுத்தால், அதில் ஐகானும் இல்லை, மைக்ரோசாஃப்டும் இல்லை. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் போராடியவர்கள்மேல் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள மக்கள் தவித்த நாட்கள் அவை. அதற்குத் தேவைப்பட்டது 2017-இன் தொலைத்தொடர்புச் சேவை நிறுத்த விதிகளின்படி மாநில உள்துறையின் ஓர் உத்தரவு. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் எல்லாத் தொடர்பும் நின்றது. 4ஜி முழுமையாகத் திரும்ப ஒன்றரை ஆண்டு ஆனது. இலங்கையில் 2022 ஏப்ரல் 3-ஆம் தேதி, போராட்டம் பரவிய நேரத்தில், சமூக ஊடகங்களை முடக்கினார்கள். மக்கள் எதிர்ப்பால் அன்றைக்கே திறந்துவிட்டார்கள். இணையம் அரசுகளின் கையில் வரவேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த நாட்களையும் கணக்கில் வைத்துப் பேச வேண்டும்.

அப்படியானால் உள்நாட்டு மென்பொருளே தீர்வா? 2025 செப்டம்பரில் ஸோஹோவின் 'அரட்டை' செயலியைப் பலர் ஒரே வாரத்தில் பதிவிறக்கினார்கள். சென்னையில் வளர்ந்து தென்காசியிலும் கிளை விரித்த நிறுவனம் உலகச் சந்தையில் நிற்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த நேரத்தில் அதன் குறுஞ்செய்திகளுக்கு இரு முனைகளுக்கும் இடையிலான மறையாக்கம் இல்லை. நிறுவனம் உள்ளூராக இருந்தால் உள்ளூர் உத்தரவு இன்னும் விரைவாகப் போய்ச் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. யாருடைய கொடி பறக்கிறது என்பதைவிட, விலக நினைத்தால் தரவை முழுதாக எடுத்துக்கொண்டு விலக முடியுமா என்பது என் முதல் கேள்வி.

திறமூல மென்பொருள் அதற்கு ஓரளவு விடை தருகிறது. அதிலும் மயக்கம் வேண்டாம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பல ஆண்டு உழைத்து மாறி, 2017-இல் மறுபடி விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப் போவதாக அறிவித்து இறங்கியது. நம் ஊரிலும் சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அது ஏன் அரசு அலுவலக மேசைகளில் பரவலாக வேர் பிடிக்கவில்லை என்பதைப் பயிற்சி, அச்சுப்பொறி, எழுத்துரு, ஊழியர் மாற்றம் என்று நுணுக்கமாக ஆராய்ந்த ஒரு கட்டுரைகூட நமக்கு வரவில்லை. மாநிலத்தில் இத்தனை கணினித் துறைகள் இருக்கின்றன. எனக்கு இது வருத்தம்தான்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாக. கணினியில் எழுத்துகளுக்குக் குறியெண் வகுக்கும் ஒருங்குறிச் சேர்த்தியம் (யூனிகோடு) 1991-இல் கலிஃபோர்னியாவில் பதிவானது. அதில் வாக்குரிமை உள்ளவர்கள் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்கள். 1988-இன் இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டு முறையை அடியொற்றித் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். 'நன்றி' என்ற மூன்றெழுத்துச் சொல் அதன்படி ஐந்து குறிகளாகி, யுடிஎஃப்-8 முறையில் 15 பைட் எடுக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் கேட்ட டேஸ்-16 முறை பொறியியல் நோக்கில் நியாயமானது என்பது என் கருத்து. 2010-இல் தமிழ்நாடு அரசு அதற்கு ஆணையும் போட்டது. ஆனால் ஒருமுறை குறியேறியதை மாற்றுவதில்லை என்ற விதி சேர்த்தியத்தில் உறுதியான பிறகு போன ஆணை அது. மாறாக, பழந்தமிழ்ப் பின்னக் குறியீடுகளும் அளவைக் குறியீடுகளும் ஓலைச்சுவடி, பழைய ஏடு என்று பக்கம் பக்கமான சான்றுகளோடு போயின. 2019-இல் 51 குறிகள் ஏறின.

இன்றும் தீராத ஒரு சிக்கல். 'கௌ' என்று ஓரெழுத்தாகவும், 'கெ', 'ள' என்று ஈரெழுத்தாகவும் தட்டலாம். திரையில் பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது; கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். தமிழில் தளப்பெயர் வாங்கும் வங்கிக்கும் அதே தோற்றத்தில் இன்னொன்றை வாங்கும் மோசடிக்காரருக்கும் நடுவே இருப்பது இந்த வேறுபாடுதான். இதற்கு விதி எழுதும் வேலை மொழியறிந்தவர்களின் வேலை. ஆனால் அத்தகைய குழுக்களுக்குத் தமிழ்த் துறைகளிலிருந்து போகிறவர்கள் மிகக் குறைவு. கூட்டங்கள் இணையவழியில், பெரும்பாலும் நமக்கு இரவில் நடக்கும். பயணப்படி கிடையாது, பதவி உயர்வுக்கு மதிப்பெண்ணும் கிடையாது. துணைவேந்தர் மேடையில் இருக்கும்போதே இதைச் சொல்லிவைக்கிறேன்.

கட்டுரையாளர்களுக்கு இனி ஒரு வேண்டுகோள். ஐகான் பற்றி வந்திருக்கும் சுருக்கங்கள் நன்றாகவே உள்ளன. அவற்றோடு, நம் மாநில அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் கையெழுத்திட்டிருக்கும் கிளவுட் ஒப்பந்தங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கி, சேவை நிறுத்தம் பற்றிய பிரிவுகளை வரிவரியாகப் படித்து எழுத இங்குள்ள ஆய்வு மாணவர்களில் யாராவது ஒருவர் முன்வாருங்கள். எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, தரவை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்புக் கடிதமும் ஆய்வுக்கு ஆவணமே.

முதல் அமர்வு இந்த அரங்கிலேயே நடக்கும். ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் கேள்விகள். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒருமுறை மணி அடிப்பேன். இரண்டாவது மணிக்குப் பிறகு ஒலிவாங்கி அணைக்கப்படும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.