வீரம் குலத்தின் சொத்தா?
(பொன்மலையில் ஆற்றிய உரை)

தண்டவாளமும் தொழிற்சாலையும் தோன்றுமுன்னரே, இந்தப் பொன்மலை போர்க்களம் கண்டது. 1753-ஆம் ஆண்டு, இப்பாறைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். கும்பெனியின் அணியிலே சிப்பாய்களாக நின்றவர் யார்? நம்மவர்! முற்றுகையுற்ற திருச்சிக்கு உணவு வந்துசேர வழிகாத்தவர் யூசுப்கான். மருதநாயகம் என்று மக்கள் நாவில் நிலைத்தவர். காரியம் முடிந்தது, கும்பெனியை எதிர்த்த அவர் கழுத்திலே 1764-இல் மதுரையில் கயிறு விழுந்தது!

அத்தகைய சிப்பாய்களைப் பட்டாளங்களாக்கி 1758-இல் அமைத்ததே மதராஸ் படைப்பிரிவின் தொடக்கம். இன்றைய இந்தியத் தரைப்படையின் காலாட்படைப் பிரிவுகளிலே மூத்தது அது. 1803-இல் அசாயேயில் அவர்கள் காட்டிய தீரத்தின் நினைவாகவே, யானை இன்றும் அதன் சின்னமாக விளங்குகிறது.

ஆனால், அடிமை வாளாகவே இருந்துவிட்டார்களா? இல்லை! புதிய தலைப்பாகையைத் திணித்து, நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாதென்றபோது, 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையிலே வெடித்தெழுந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1857-க்கு அரை நூற்றாண்டு முன்னே எழுந்த முழக்கம் அது!

பிறகு வந்தது மற்றொரு சூது. சில இனத்தார்தாம் போருக்குப் பிறந்தவர், தென்னாட்டார் அதற்கு ஆகார் என்றொரு கோட்பாடு! 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத் தலைவராக இருந்த இராபர்ட்ஸே அதைப் பரப்பினார். விளைவு? ஆள்சேர்ப்பு வடக்கே சாய்ந்தது. பட்டாளங்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. 1928-க்குள் படைப்பிரிவே கலைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஆள் வேண்டும்! "ஆகார்" என்று ஒதுக்கப்பட்டவரையே அழைத்தனர். மீண்டும் எழுந்தது மதராஸ் படைப்பிரிவு. பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்து நின்றது. எங்கே போயிற்று அந்தக் கோட்பாடு? சில ஆண்டுகளிலேயே இரத்தம் மாறிவிட்டதா? மாறியது ஆள்வோரின் தேவை!

இன்று நீலகிரியின் வெல்லிங்டனிலே அதன் பயிற்சி நிலையம் இருக்கிறது. தமிழரும், தெலுங்கரும், கன்னடரும், மலையாளியரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது அவர்தம் போர்முழக்கம். கடமையில் உயிர்துறத்தலே மேன்மை என்பது குறிக்கோள்.

தோழர்களே! வீரம் பிறப்பால் வருவதன்று. பயிற்சியால், வாய்ப்பால், மானத்தால் வருவது. கல்விக்கு இவன் ஆகான், பதவிக்கு அவன் ஆகான் என்று எவரேனும் குலங்காட்டிப் பேசினால், இந்தப் படையின் வரலாற்றை எடுத்துக் காட்டுங்கள்! தகுதி இல்லையென்று தள்ளப்பட்டவன், வாசல் திறந்ததும் முன்னணியில் நின்ற வரலாறு அது.