ரசிகனுக்கு ரயில் விட்ட டீம்

விஸ்வநத்தத்துல இருந்து பேசுறேன். விழுந்த டீமை எப்படித் திரும்பக் கட்டுறது?

அமெரிக்க பேஸ்பால்ல ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011-லருந்து 2013 வரை வருஷா வருஷம் நூறு மேட்சுக்கு மேல தோத்தாங்க. இளம் பசங்களை வளர்த்து, 2017-லதான் கப் அடிச்சாங்க.

நம்ம சிஎஸ்கே வேற ரூட். ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு 2018-ல வந்தப்ப தோனி, ரெய்னா, ஜடேஜாவைத் தக்கவெச்சு, ஏலத்துல முப்பது தாண்டினவங்களை நிறைய எடுத்தாங்க. ‘டாட்ஸ் ஆர்மி’ன்னு கிண்டல் வேற. காவிரிப் போராட்டத்தால சேப்பாக்கத்துல ஒரே மேட்ச்தான். மீதி ஹோம் மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போச்சு. நிர்வாகம் சும்மா இருக்கல. ரசிகர்களுக்குத் தனி ரயிலே விட்டாங்க: விசில்போடு எக்ஸ்பிரஸ்! ஃபைனல்ல 36 வயசு வாட்சன் 117 நாட் அவுட். கப் நமக்கு.

எங்க ஊருக்குச் சேப்பாக்கமே தூரம்தான். ஆனா ரசிகனை மறக்காத டீமை, தோத்தாலும் விட மனசு வராதுல்ல?