கடைசிக் குண்டு



துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் போர்க்களமும் வேட்டைக்காடுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வெடிமருந்தின் வாடையையே அறியாத துப்பாக்கியும் உண்டு. அடக்கிவைத்த காற்றின் விசையால் சின்னஞ்சிறு ஈயக் குண்டைச் செலுத்தும் காற்றுத் துப்பாக்கியே அது. தோளில் அணைத்துச் சுடும் நீண்ட துப்பாக்கி 1984ஆம் ஆண்டிலும், கைத்துப்பாக்கி 1988ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றன.

இரண்டுக்கும் தூரம் 10 மீற்றர்தான். இத்துணை அருகிலா என்று நீங்கள் வியக்கலாம். நீண்ட துப்பாக்கியின் இலக்கிலே பத்துப் புள்ளிக்குரிய நடு இடத்தின் குறுக்களவு அரை மில்லிமீற்றர். அதை நாடிச் செல்லும் குண்டின் குறுக்களவோ நான்கரை மில்லிமீற்றர்! கைத்துப்பாக்கிக்கு இலக்குச் சற்றுப் பெரிது. எனினும், அதனை ஒரே கையால், எவ்விதத் தாங்கலுமின்றி நீட்டிப் பிடித்தல் வேண்டும். இறுதிப் போட்டியில் ஒவ்வொரு குண்டையும் ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்குவரை நுணுகி அளப்பர். மிகச் சிறந்த குண்டுக்கு 10.9 புள்ளிகள்.

ஓட்டக்காரனுக்கும் மல்யுத்த வீரனுக்கும் மனவெழுச்சி துணை செய்யும். இங்கோ அதுவே பகை. மூச்சுச் சற்றே பிசகினாலும், நெஞ்சு விரைந்து துடித்தாலும், குழலின் முனை அசைந்துவிடும். ஆதலால், இவ்வீரர் முதலில் வெல்ல வேண்டியது பக்கத்தில் நிற்பவரையன்று, தம்மையே.

இதற்கு இரண்டு சான்றுகள் கூறுவேன். இந்திய வீரர் அபினவ் பிந்திரா 2004இல் ஏதென்ஸ் நகரில் இறுதிச் சுற்றுக்கு மூன்றாமவராக நுழைந்து, ஏழாமவராக வெளியேறினார். நான்காண்டுகள் கழித்து, 2008 ஆகஸ்ட் 11ஆம் நாள் பீஜிங் நகரில் மீண்டும் இறுதிச் சுற்றிலே நின்றார். இம்முறை நுழைந்தது நான்காம் இடத்தில். ஒன்பது குண்டுகள் முடிந்தபோது அவரும் பின்லாந்து வீரர் ஹென்றி ஹக்கினனும் சமநிலையில் இருந்தனர். எஞ்சியது ஒரே குண்டு. ஹக்கினன் பெற்றது 9.7, பிந்திரா பெற்றது 10.8. அந்த ஒரே குண்டால் ஹக்கினன் மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். சீன வீரர் சூ சினான் வெள்ளி பெற்றார். இந்தியர் ஒருவர் ஒலிம்பிக்கில் தனியாக வென்ற முதற் பொற்பதக்கம் பிந்திராவின் கையில் வந்தது.

மற்றைய சான்று மனு பாக்கர் என்னும் இளநங்கை. 2021இல் டோக்கியோவில் நடந்த தகுதிச் சுற்றின் நடுவிலே அவருடைய கைத்துப்பாக்கி பழுதுற்றது. அதைச் சீர்செய்வதில் நிமிடங்கள் கழிந்தன. எண்மருக்கே இடமுள்ள இறுதிப் போட்டிக்கு அவர் செல்ல இயலவில்லை. பன்னிரண்டாம் இடமே கிடைத்தது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் சுடுதல் போட்டிகள் சாத்தோரூ நகரில் நடந்தன. அங்கே அவர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். அடுத்த படியில் நின்ற கொரிய மங்கையை அவர் தவறவிட்டது 0.1 புள்ளியால்! இரண்டு நாட்களின் பின் சரப்ஜோத் சிங்குடன் இணைந்து மற்றுமொரு வெண்கலமும் வென்றார்.

நேயர்களே, இவ்விருவரும் தோல்வியை மறந்து வென்றவர்கள் என்று நான் கருதவில்லை. தோல்வியின் நினைவு நெஞ்சில் இருக்கவே, அந்நெஞ்சு கையை அசைக்காதபடி பழகிக்கொண்டவர்கள் அவர்கள். பறந்துவிட்ட குண்டை எவராலும் மீட்க இயலாது. அடுத்த குண்டு மட்டுமே நம் கையில் உள்ளது. துப்பாக்கியைத் தொட்டறியாத நமக்கும் இது பொருந்துமன்றோ?