பயப்படாமல் சொல்லுங்கள்

(செவிலியர் பயிற்சி மாணவ மாணவிகளுக்கும், மருத்துவமனையைத் தாங்கிவரும் நண்பர்களுக்கும் முன்பாக ஆற்றிய உரை)



ஊசி போடவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் உங்கள் ஆசிரியைகள் கற்றுத் தருவார்கள். நான் வேறொரு காரியம் சொல்லவே நிற்கிறேன். வார்டிலே ஒருவர் உங்களை இழிவாய்ப் பேசினால், தகாதபடி தொட்டால், பொய்யாய் எழுதச் சொன்னால், அதை உரியவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்பது நமக்குத் தெரியாததல்ல. மார்க் போடுகிறவரே சில வேளை தவறு செய்கிறவராயும் இருக்கிறார். வீட்டில் சொன்னால், "படிப்பே வேண்டாம், வந்துவிடு" என்பார்கள். ஆகவே எப்படியாவது படிப்பை முடித்துவிடலாம் என்று வாய்மூடி இருந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த மவுனத்தால் நோயாளியும் பாதிக்கப்படுகிறார். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நடந்ததைக் கேளுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து முடிக்க வேண்டும் என்பது இலக்கு. அது தவறியபோது, நேரத்தை மாற்றி எழுதும்படி செவிலியர்கள் வற்புறுத்தப்பட்டார்கள். ஹெலீன் டொனலி என்ற செவிலியர் இதைப் பலமுறை மேலிடத்துக்குத் தெரிவித்தார். உடன் வேலை செய்தவர்களே அவரை மிரட்டினார்கள். டூட்டி முடிந்து இருட்டில் கார் வரைக்கும் தனியே நடக்கவும் அவர் அஞ்சினார். ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணை அறிக்கை 2013-ல் வெளிவந்தது. அங்கே நோயாளிகள் பட்ட பாட்டை விவரித்து, 290 பரிந்துரைகளை அது முன்வைத்தது. அவரே 2015-ல் அளித்த மற்றோர் அறிக்கையில், குறை சொல்வதால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களில் மாணவர்களும் உண்டு என்று குறிப்பிட்டார்.

நம் தேசத்திலும் உங்களுக்குக் காவல் உண்டு. தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவமனையையும் பணியிடம் என்றே சொல்லுகிறது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவி பெண்ணாகவும், அங்கத்தினரில் பாதிப் பேராவது பெண்களாகவும் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் கொடுக்கலாம். புகார் செய்தவரின் பெயரை வெளியிடக் கூடாது. மார்க்கைப் பற்றிய பயத்துக்கும் அங்கே பதில் உண்டு: விசாரணை முடியும்வரை, குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்த மாணவியின் படிப்பை மேற்பார்வையிடாதபடி செய்யக் குழு பரிந்துரைக்கலாம்.

பிள்ளைகளே, நடந்ததை அன்றே நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், வார்டு, சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர். கேள்விப்பட்டதை விட்டுவிட்டுக் கண்டதை மாத்திரம் எழுதுங்கள். தனியே போகத் தயக்கமானால் தோழியை அழைத்துக்கொண்டு போங்கள். நோயாளிக்கு ஆபத்தென்றால் காத்திராமல் அங்கேயே சொல்லுங்கள்.

மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது, "நீ ஏன் அங்கே போனாய்?" என்று தொடங்காதீர்கள். முதலில் உட்காரச் சொல்லி, முழுவதையும் கேளுங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் பக்கத்தையும் நியாயமாய்க் கேளுங்கள். சொன்ன பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

தாங்கிவரும் நண்பர்களே, உங்கள் காணிக்கையால் கட்டில்களும் கருவிகளும் வந்திருக்கின்றன. இனி நீங்கள் பார்வையிட வரும்போது, எக்ஸ்ரே இயந்திரத்தைப் பற்றி விசாரிப்பதோடு இதையும் விசாரியுங்கள்: குழு அங்கத்தினரின் பெயர்கள் எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா? எதிரில் வரும் ஒரு மாணவியை நிறுத்தி, "உனக்குக் கஷ்டம் வந்தால் யாரிடம் போவாய், அம்மா?" என்று கேளுங்கள். அவள் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னால், உங்கள் காணிக்கை நல்ல இடத்தில் சேர்ந்திருக்கிறது.