மகள் வெளிநாட்டில் டீச்சராகப் போகிறாளா?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பி.எட். முடித்த மகளை இங்கிலாந்துக்கு அனுப்பணும், ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வேணும்னு நம்ம தஞ்சாவூர்க் குழுக்களிலிருந்து மனு வருகிறது. போகக் கூடாதுன்னு நாங்க சொல்லலை. நடவு நட்டு, களை எடுத்துப் படிக்க வைத்த பிள்ளை, போகட்டும். ஆனால் சம்பா செலவுக்கு வைத்த நகை இதில் போகுதே, எதுக்குன்னு பார்ப்போம்.

அங்கே ‘தகுதி பெற்ற ஆசிரியர்’ என்ற பதிவை, அதாவது க்யூ.டி.எஸ்., பள்ளிகள் பெரும்பாலும் கேட்கும். 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் படித்தவர்களும் இதற்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் ஒரு பைசா கிடையாது!

எல்லாருக்கும் இல்லை. 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல் அல்லது அயல்மொழி நடத்தும் தகுதி வேணும். தொடக்கப் பள்ளி டீச்சர் பயிற்சி மட்டும் முடித்தவர்களுக்கு இந்த வழி இல்லை. டிகிரி, ஆசிரியர் பயிற்சி, ஆங்கிலத் தேர்ச்சி, அப்புறம் அனுபவம். பி.எட். படிக்கும்போது பள்ளிக்குப் போன நாட்கள் அனுபவமாகாது. முடித்த பிறகு வேலை பார்த்திருக்கணும். சின்னத் தனியார் பள்ளியில் இருக்கும் நம்ம பெண்கள் சேர்ந்த தேதி, விட்ட தேதி போட்ட சான்றைக் கேட்டு வாங்குவதே இல்லை. உடனே வாங்கி வையுங்க.

பதிவு கிடைத்தாலும் அது வேலையும் இல்லை, விசாவும் இல்லை. ஒரு பள்ளி வேலை கொடுத்து, விசாவுக்குப் பொறுப்பேற்கணும்.

பதிவுக்குன்னு லட்சக்கணக்கில் கேட்டால் எதுக்குன்னு எழுதி வாங்குங்க. ஏஜெண்டு பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கான்னு மகளையே பார்க்கச் சொல்லுங்க. சென்னையில் 1978-இல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். இந்த விவரங்களை இணைத்துக் கொடுக்கும் மனுக்களை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறோம்.